கார்பன் குழாய் மக்கர் செய்தால்: மேண்ட்ரல் முதல் விமானம் வரை, அறிகுறி வாரியாக

இலகு விமானங்களிலும் கிளைடர்களிலும் ஸ்டிக்கின் (விமானி கையில் பிடிக்கும் கட்டுப்பாட்டுக் கோலின்) அசைவை எலிவேட்டருக்கும் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பரப்பு) ஐலரானுக்கும் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கைப் பரப்பு) கொண்டுபோகும் புஷ் ராடுகள், தாங்குகோல்கள், வால் பூம்கள் (வாலைத் தாங்கும் நீண்ட குழாய்கள்) போன்றவற்றைச் சொந்தமாகச் செய்பவர்களுக்கும், அந்தக் குழாய்கள் பொருத்திய விமானத்தைப் பறப்புக்கு முன் சோதிப்பவர்களுக்கும் இது. பறக்கக் கற்றுக்கொடுப்பவரே பட்டறையில் குழாயும் சுற்றுகிறார் என்றால் இரண்டு பகுதிகளும் அவருக்குத்தான்.

உதாரணத்துக்கு ஒரே குழாயை வைத்துக்கொள்வோம். உள்விட்டம் 22 மி.மீ., வெளிவிட்டம் 25 மி.மீ., நீளம் 1 மீட்டர். அலுமினிய மேண்ட்ரலின் (குழாய்க்கு உள்வடிவம் தரும் உருளையின்) மேல் 0.15 மி.மீ. கார்பன் ப்ரீப்ரெக்கை (ரெசின் என்னும் பிசின் முன்பே ஊறிய கார்பன் இழைத் தாளை) பத்து அடுக்கு உருட்டி, மேலே ஷ்ரிங்க் டேப் (சூட்டில் சுருங்கி அழுத்தும் நாடா) சுற்றி, 120 டிகிரி செல்சியஸில் ரெசின் இறுகும்படி வேகவைத்தது. ஈரமாக ரெசின் பூசிச் செய்பவர்களுக்கு எங்கே வழி பிரிகிறதோ அங்கே தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

மேசையில் இருக்க வேண்டியவை: 0.1 கிராம் காட்டும் தராசு, தெர்மோகப்பிள் (வெப்பநிலை உணரும் கம்பி), டயல் கேஜ் (நுண்ணிய அசைவை முள்ளில் காட்டும் அளவி), இரண்டு வி-பிளாக் (உருளையைத் தாங்கும் V வடிவப் பள்ளமுள்ள கட்டை), ஒரு நாணயம். ஓவனின் முகப்பில் இருக்கும் வெப்பநிலைக் காட்டியை நம்பியே பாதிக் கோளாறுகள் வருகின்றன. அதனால் தெர்மோகப்பிள் இல்லாமல் மேலே படிப்பதில் பயன் குறைவு.

பகுதி 1: குழாய் இன்னும் பட்டறையில்

மேண்ட்ரல் கழலவில்லை

சுத்தியலைக் கீழே வையுங்கள். அடித்தால் முனை அடுக்குகள் பிரியும், மேண்ட்ரலின் முனையும் காளான்போல விரியும். அதன் பிறகு அது எந்தக் குழாயிலிருந்தும் வராது.

முதலில் முனைகளைப் பாருங்கள். ஷ்ரிங்க் டேப்பின் அழுத்தத்தில் பிதுங்கிய ரெசின் இரு முனையிலும் மேண்ட்ரலைச் சுற்றிக் கழுத்துப்பட்டைபோல இறுகியிருக்கும். இரு பக்கமும் 15 மி.மீ. அளவுக்குக் குழாயை வெட்டி, மேண்ட்ரலில் ஒட்டிய ரெசினைப் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள். பிளேடு வைத்தால் கீறல் விழும். பல நேரம் வேலை இத்துடன் முடிந்துவிடும்.

அடுத்தது வெப்பநிலை. அலுமினியம் ஒரு டிகிரிக்கு மீட்டருக்குச் சுமார் 23 மைக்ரான் விரியும், அதே அளவு சுருங்கும். 22 மி.மீ. மேண்ட்ரல் 120 டிகிரியிலிருந்து 20 டிகிரிக்கு வரும்போது விட்டத்தில் 0.05 மி.மீ. குறைகிறது. அந்த இடைவெளியை நம்பித்தான் இழுக்கிறோம். வெளியே தொட்டால் ஆறியதாகத் தோன்றினாலும் உள்ளே மேண்ட்ரல் சூடாக இருக்கலாம், முனையில் தெர்மோகப்பிள் வைத்துப் பாருங்கள். அறை வெப்பநிலையிலும் வரவில்லையென்றால் ஆழ்குளிர்ப் பெட்டியில் ஓர் இரவு வையுங்கள். உள்ளீடற்ற மேண்ட்ரலானால் உள்ளே உலர்பனித் துண்டுகளைப் போட்டு, குழாய் குளிர்வதற்குள் இழுக்கலாம். உலர்பனியைத் தடித்த கையுறையோடு, காற்றோட்டமான இடத்தில் மட்டும் கையாள வேண்டும். மேண்ட்ரலின் இரு முனையையும் அடைத்துவிட்டால் அது வெடிக்கும்.

எஃகு மேண்ட்ரல் இதில் பாதிதான் சுருங்கும். அதற்குக் குளிரைவிட நீளவாக்கில் மீட்டருக்கு 0.1 முதல் 0.2 மி.மீ. சரிவு கொடுப்பதே கைகொடுக்கும். சரிவுள்ள மேண்ட்ரலை எந்தப் பக்கம் இழுக்க வேண்டும் என்பதை முனையிலேயே பொறித்து வையுங்கள். சிரிப்பாக இருக்கும், ஆனால் தலைகீழாக இழுத்து உடைத்த குழாய்களுக்குக் குறைவில்லை.

இழுக்கும் முறை: மேண்ட்ரல் விட்டத்தைவிட 0.2 மி.மீ. பெரிய துளையுள்ள தடித்த எஃகுத் தகட்டில் குழாயின் முனை முட்டட்டும், மேண்ட்ரலை ஸ்க்ரூ ஜாக்கால் நேர்க்கோட்டில் இழுங்கள். வெட்டிய முனை சதுரமாக இல்லையென்றால் விசை ஒரு பக்கமாகவே விழுந்து முனை நசுங்கும்.

சில மில்லிமீட்டர் நகர்ந்து மறுபடி நின்றால் ரிலீஸ் ஏஜென்டை (ரெசின் ஒட்டாமலிருக்க மேண்ட்ரலில் பூசுவதை) குறை சொல்லாதீர்கள். மேண்ட்ரலில் நெளிவோ வளைவோ இருக்கிறது. மேண்ட்ரலைச் சுற்றுவாக்கில் மெருகேற்றியிருந்தால் நுண்ணிய வளையக் கீறல்கள் ரம்பப் பல்போலப் பிடிக்கும். 400, 600, 800 உப்புத்தாள் எதுவானாலும் கடைசித் தேய்ப்பு நீளவாக்கில்தான் இருக்க வேண்டும்.

கொஞ்சம்கூட அசையவில்லை என்றால் இரண்டில் ஒன்று. ஒன்று, ரிலீஸ் ஏஜென்டின் பூச்சுகளுக்கு நடுவே காயும் நேரம் தரவில்லை, அல்லது புது மேண்ட்ரலுக்கு இரண்டே பூச்சோடு நிறுத்திவிட்டீர்கள். புது மேண்ட்ரலுக்கு ஐந்தாறு பூச்சு வேண்டும், டின்னில் சொன்ன இடைவெளியோடு. மற்றொன்று, பலர் கவனிக்காதது: இழை அடுக்கிய திசை. எல்லா அடுக்கும் நீளவாக்கில், அதாவது 0 டிகிரியில் இருந்தால், குழாயின் சுற்றளவைத் தீர்மானிப்பது ரெசின்தான். அது அலுமினியத்தின் அளவுக்கே, சில வேளை கூடுதலாகவே சுருங்கும். அப்போது குளிரவைத்தாலும் இடைவெளி பிறக்காது, பிடி இறுகும். உள்ளே முதல் அடுக்காக, இழை சுற்றுவாக்கில் ஓடும் ஒரு 90 டிகிரி அடுக்கு வைத்தால் சுற்றளவு சுருங்குவது தடைபடும், மேண்ட்ரல் மட்டும் சுருங்கிப் பிரியும். குழாய் நசுங்காமல் நிற்கவும் அதே அடுக்கு உதவும்.

எப்போது கைவிடுவது: ஜாக்கின் அழுத்தத்தில் முனை நசுங்கத் தொடங்கினால் குழாயை நீளவாக்கில் வெட்டி எடுத்து மேண்ட்ரலைக் காப்பாற்றுங்கள். இரண்டாவது குழாயும் அதே இடத்தில் நின்றால் மேண்ட்ரலை லேத் பட்டறைக்குக் கொடுத்துச் சென்டர்லெஸ் கிரைண்டிங் (நெடுக ஒரே விட்டம் வரும்படி சாணைபிடித்தல்) செய்துகொள்வதுதான் மலிவு.

குழாயின் நீளவாக்கில் வரிவரியாகச் சுருக்கம்

வெளியே ஒரு முகடு, அதை வெட்டிப் பார்த்தால் உள்ளே அடுக்குகள் அலைபோல மடிந்திருக்கும். உருட்டும்போது அடுக்குகளுக்கு நடுவே சிக்கிய காற்றுதான் காரணம். வேகும்போது காற்று வெளியேறிச் சுவரின் தடிப்பு குறைகிறது, வெளி அடுக்கின் சுற்றளவு மிச்சமாகிறது, மிச்சமான துணி மடிகிறது.

முதலில் உருட்டும் இறுக்கம். கையால் உருட்டினால் சமதளப் பலகைமேல் உடல் எடையைக் கொடுத்து உருட்டுங்கள், அடுக்கு பிசுபிசுப்பாக ஒட்டும் அளவுக்கு அறை வெதுவெதுப்பாக இருக்கட்டும். அடுத்து இடையழுத்தம். இரண்டு மூன்று அடுக்குக்கு ஒருமுறை மேலே ஷ்ரிங்க் டேப்பை இறுக்கிச் சுற்றி, சூடேற்றாமலே சில நிமிடம் வைத்துப் பிரித்துவிட்டுத் தொடருங்கள். சுவர் 1 மி.மீ.க்கு மேல் போனால் இதைத் தவிர்க்கவே முடியாது. பத்து அடுக்கையும் ஒரே மூச்சில் உருட்டிவிட்டு, ஷ்ரிங்க் டேப் பார்த்துக்கொள்ளும் என்று விட்டால் சுருக்கம் நிச்சயம்.

அதற்கும் அடங்கவில்லையென்றால் ஷ்ரிங்க் டேப் சுற்றும் விதத்தைப் பாருங்கள். சீரான இழுவிசையில், ஒவ்வொரு சுற்றுக்கும் 3 முதல் 5 மி.மீ. மட்டும் முன்னேற வேண்டும். கைவலிக்கிறதென்று நடுவில் இழுவிசை குறைந்த இடத்தில்தான் சுருக்கம் இருக்கும். லேத்தில் மாட்டிச் சுற்றுங்கள்.

முகட்டை உப்புத்தாளால் தேய்த்து மறைப்பது விமானக் குழாயில் செய்யக்கூடாத வேலை. அழுத்தத்தைத் தாங்க வேண்டிய இழை அந்த இடத்தில் நேராக இல்லை, தேய்த்தால் அறுந்தும் போகிறது. புஷ் ராடுக்கு என்றால் அந்தக் குழாயை ஒதுக்கிவிட்டு வேறு செய்யுங்கள். மீன் தூண்டிலுக்கோ கொடிக்கம்பத்துக்கோ வைத்துக்கொள்ளலாம்.

டேப்பின் சுழல் தடத்தைத் தேய்த்து மெருகேற்றும்போதும் இதே எச்சரிக்கை பொருந்தும். நம் குழாயில் வெளி அடுக்கு ஒன்றைத் தேய்த்துவிட்டால் சுவரில் 10% போனதாகத்தான் தோன்றும். ஆனால் வெளி அடுக்கே அதிகம் வேலை செய்வதால் வளைவு விறைப்பில் 12% போகும். தேய்ப்பதற்கென்றே கடைசியில் ஒரு மெல்லிய கண்ணாடித் துணி (கண்ணாடி இழையில் நெய்தது) அடுக்கு வையுங்கள். கருப்புத் தூள் பறக்கத் தொடங்கினால் நிறுத்த வேண்டும் என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும்.

ஊசித்துளைகள், வறண்ட திட்டுகள்

ப்ரீப்ரெக்கில் வந்தால்:

ஈரத்தைத்தான் முதலில் சந்தேகியுங்கள். மைனஸ் 18 டிகிரியிலிருந்து எடுத்த சுருளின் பையை உடனே திறந்தால் அறைக் காற்றின் ஈரம் அதில் பனிபோல் படியும், அடுப்பில் ஆவியாகித் துளை போடும். பையின் வெளிப்பக்கத்தில் நீர் படிவது முற்றிலும் நின்ற பிறகே திறக்க வேண்டும். பெரிய சுருளுக்கு இது பல மணி நேரம் ஆகும். எனவே முந்தைய இரவே வெளியே எடுத்து வைத்துவிடுங்கள்.

அடுத்தது வயது. வெளியே எடுத்துப் பயன்படுத்திய மணி நேரங்களைப் பையின் மேலேயே எழுதுங்கள். அனுமதித்த நேரம் கடந்த ப்ரீப்ரெக் தொட்டால் ஒட்டாது, மடித்தால் விறைப்பாக இருக்கும், சூட்டிலும் சரியாக ஓடாது.

பிறகு சூடேற்றும் வேகம். நிமிடத்துக்கு 1 முதல் 2 டிகிரி போதும். வேகமாக ஏற்றினால், ரெசின் இளகி காற்றை வெளியே தள்ளுவதற்குள் கெட்டியாகிவிடுகிறது. மேண்ட்ரல் கனமானதால் ஓவன் காற்றைவிட அது வெகுநேரம் பின்தங்கும். வேகும் நேரத்தை மேண்ட்ரல் 120 டிகிரியைத் தொட்ட நொடியிலிருந்து எண்ணுங்கள்.

ஈரமாகப் பூசியதில் வந்தால்:

பின்னல் உறையை (இழைகளைக் குழல்போலப் பின்னியது) மேண்ட்ரலில் ஏற்றிப் பூசும்போது, இழைக் கட்டுகளின் நடுவே ரெசின் போகாமல் மேலோடு நின்றுவிடுவதுதான் வழக்கமான காரணம். தூரிகையால் இழுப்பதைவிடக் குத்திக் குத்தி ஏற்றுங்கள். ரெசின் தடித்துப் போயிருந்தால் கலவை பாத்திரத்தில் வெகுநேரம் நின்றிருக்கிறது. 100 கிராமுக்கு மேல் ஒரே கோப்பையில் கலக்காதீர்கள். குவியலாக நின்றால் அதன் சொந்தச் சூட்டிலேயே கொதித்துவிடும். அகன்ற தட்டில் ஊற்றினால் வேலை செய்யும் நேரம் நீளும்.

துளை எவ்வளவு என்று அளக்க: குழாயின் வெட்டிய முனைத் துண்டு ஒன்றைக் காற்றிலும், நூலில் கட்டித் தண்ணீரில் மூழ்கவிட்டும் எடை போடுங்கள். தண்ணீரில் ஒரு சொட்டுச் சோப்பு விட்டால் குமிழிகள் ஒட்டாது. காற்று எடையை இரண்டு எடைகளின் வித்தியாசத்தால் வகுத்தால் அடர்த்தி வரும். 60% இழை உள்ள குழாய்க்கு 1.56 அளவில் இருக்க வேண்டும். 1.48 வந்தால் சுவரில் ஏறத்தாழ 5% காற்றிடம். அந்தக் குழாய் பறக்க வேண்டாம்.

மேற்பரப்பு பிசுபிசுக்கிறது

விரல் நுனியில் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். வழுக்கிக்கொண்டு போய், கழுவியதும் போய்விட்டால் அது எப்பாக்ஸி ரெசினின் மேல் வரும் மெழுகுப் படலம், ஹார்டனரும் (ரெசினை இறுகவைக்கக் கலப்பது) காற்றின் ஈரமும் சேர்ந்து உண்டாவது. வெதுவெதுப்பான நீரும் தேய்ப்பு நாரும் போதும். கரைப்பானால் துடைத்தால் அது பரவும், போகாது. கழுவாமல் உப்புத்தாள் போட்டால் படலத்தை உள்ளே தேய்த்து ஏற்றிவிடுவீர்கள், பிறகு ஒட்டும் எதுவும் உரிந்து வரும்.

கழுவிய பிறகும் நகம் பதிகிறதா? அசிட்டோன் நனைத்த துணியால் ஓரிடத்தைத் தேயுங்கள். குழைந்தால் ரெசின் வேகவில்லை. அப்போது:

மேண்ட்ரலின் வெப்பநிலைப் பதிவு குறைவாக இருந்தால், சரியான வெப்பநிலையில் திரும்ப வேகவைக்கலாம், பெரும்பாலும் தேறும்.

குழாய் முழுக்க மென்மையாக இருந்து வெப்பநிலையும் சரியாக இருந்தால் கலவை விகிதத் தவறு. எடையில் 100-க்கு 30 ஹார்டனர் என்று கேட்கும் ரெசினைக் கனஅளவில் அளந்து ஊற்றியிருக்கிறீர்கள், அல்லது கோப்பையை வைத்துத் தராசைப் பூஜ்யமாக்க (டேர் செய்ய) மறந்திருக்கிறீர்கள். இதைப் பின்னால் ஹார்டனர் பூசிச் சரிசெய்ய முடியாது, சூடு காட்டியும் முடியாது. கழித்துவிடுங்கள்.

ஓரிடம் கெட்டி, ஓரிடம் மென்மை என்றால் கலக்கியது போதாது. கோப்பையின் சுவரையும் அடியையும் வழித்துக் கலக்கி, இன்னொரு கோப்பைக்கு மாற்றி மறுபடி கலக்குவது பழகிவிட்டால் இந்தக் கோளாறு திரும்ப வராது.

குழாய் நேராக இல்லை, அல்லது நீளவாக்கில் சுமை ஏற்றினால் முறுக்கிக்கொள்கிறது

இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும், காரணம் வேறு.

வி-பிளாக்கில் வைத்து உருட்டி, நடுவில் டயல் கேஜ் வையுங்கள். முள் ஒரு சுற்றுக்கு 0.4 மி.மீ. ஆடினால் வளைவு 0.2 மி.மீ. புஷ் ராடுக்கு மீட்டருக்கு 0.5 மி.மீ. வரை வளைவு இருக்கலாம். அதற்கு மேல் போனால் அழுத்தச் சுமையில் பக்கவாட்டில் பிதுங்கும் போக்கு கூடும்.

மேண்ட்ரலையே அதே மாதிரி உருட்டிப் பாருங்கள். அது வளைந்திருந்தால் மேலே தேட வேண்டியதில்லை. மேண்ட்ரல் நேர் என்றால் ஓவனில் எப்படி வைத்தீர்கள் என்பதுதான் கேள்வி. இரு முனையில் மட்டும் தாங்கிக் கிடத்தினால் சூட்டில் நடுப்பகுதி தொய்யும். செங்குத்தாகத் தொங்கவிடுங்கள். அதுவும் சரி என்றால் அடுக்குகளின் தொடக்க விளிம்புகளைப் பாருங்கள். எல்லா அடுக்கும் ஒரே கோட்டில் தொடங்கி ஒரே கோட்டில் முடிந்தால் அந்தப் பக்கம் சுவர் தடித்து, ஆறும்போது குழாயை அந்தப் பக்கம் இழுக்கும். ஒவ்வொரு அடுக்கையும் சுற்றில் 90 டிகிரி தள்ளித் தொடங்குங்கள்.

நீளவாக்கில் இழுத்தாலோ அழுத்தினாலோ குழாய் முறுக்கிக்கொண்டால், எதிரெதிர்ச் சாய்வில் ஓடும் +45, -45 அடுக்குகளின் கணக்கு தவறியிருக்கிறது. துணியைத் திருப்பிப் போட்டு வெட்டியதில் இரண்டும் +45 ஆகிவிடுவது மிகச் சுலபம். வெட்டிய துண்டிலேயே சுண்ணக்கட்டியால் அம்புக்குறி போடுங்கள். பின்னல் உறையில் இந்தச் சிக்கல் வராது, வேறொன்று வரும்: இழுத்து ஏற்றும்போது 45 டிகிரி கோணம் 30-க்கு இறங்கிவிட்டால் முறுக்கு விறைப்பில் சுமார் கால் பங்கு போய்விடும். கோணமானியை உறையின்மேல் வைத்துப் பாருங்கள், கண்மதிப்பு ஏமாற்றும்.

வளைந்த கார்பன் குழாயைச் சூடேற்றி நிமிர்த்த முயல வேண்டாம்.

எடை கணக்கோடு ஒத்துப்போகவில்லை

நம் குழாயின் எடை 170 முதல் 178 கிராமுக்குள் இருக்க வேண்டும். எடையும் வெளிவிட்டமும் சேர்ந்து கூடினால் ரெசின் வெளியேறவில்லை, ஷ்ரிங்க் டேப் இழுவிசையைக் கூட்டுங்கள். விட்டம் கூடி எடை மட்டும் அப்படியே இருந்தால் உள்ளே காற்று. இரண்டும் குறைந்தால் ஓர் அடுக்கை விட்டுவிட்டீர்கள். நடக்கிற காரியம்தான். வெட்டிய துண்டுகளை உருட்டும் முன் எண்ணி எடை போட்டு எழுதி வைத்தால் பின்னால் சந்தேகம் வராது.

வெட்டும்போது முனை பிய்கிறது

பற்கள் உள்ள பிளேடு வேண்டாம், வைரத்தூள் வட்டத்தகடு பயன்படுத்துங்கள். வெட்டும் கோட்டின்மேல் மாஸ்கிங் டேப் இரண்டு சுற்று, குழாயைச் சுழற்றிச் சுழற்றி வெளியிலிருந்து உள்ளே வெட்டு. தண்ணீர் விட்டால் தூசு பறக்காது. கார்பன் தூள் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் பக்கத்தில் திறந்திருக்கும் பவர் சப்ளையும் கணினியும் ஷார்ட் ஆகும். துணி முகமூடி போதாது, துகள் வடிகட்டும் சுவாசக் கவசம் வேண்டும்.

பகுதி 2: குழாய் விமானத்தில்

இங்கே விதி மாறுகிறது. பட்டறையில் தவறிய குழாயால் நட்டம் பொருள் மட்டும். விமானத்தில் சந்தேகம் வந்த குழாய்க்கு முதல் வேலை ஸ்டிக்கில் சிவப்பு அட்டை மாட்டி, பறப்புப் பதிவேட்டில் எழுதுவது. அதற்குப் பிறகுதான் சோதனை. சான்றளிக்கப்பட்ட விமானமானால் சோதித்துக் கண்டுபிடிக்கலாம், ஆனால் குழாயை மாற்றுவதும் ஒட்டுவதும் உரிமம் பெற்ற பொறியாளரின் கையொப்பத்தோடு, அனுமதிக்கப்பட்ட பாகத்தோடு மட்டும்தான். சொந்தமாகச் செய்த குழாயை அதில் மாட்டக்கூடாது.

ஸ்டிக்கில் ஆட்டம் தெரிகிறது

ஒருவர் காக்பிட்டில் ஸ்டிக்கை மெல்ல முன்னும் பின்னும் அசைக்கட்டும். இன்னொருவர் கட்டுப்பாட்டுப் பரப்பை அசையாமல் பிடித்துக்கொள்ளட்டும். மூன்றாமவர் ஒவ்வொரு மூட்டிலும் இரண்டு விரல்களைக் குறுக்காக வைத்து, எந்த இடத்தில் அசைவு தொலைகிறது என்று உணர வேண்டும். கண்ணால் பார்ப்பதைவிட விரலுக்கு இது சீக்கிரம் தெரியும்.

ராடு எண்டின் (ராடின் முனையில் திருகும் பந்து மூட்டின்) பந்தும் வளையமும் தேய்ந்திருந்தால் ஆட்டம் அங்கேயே கிளிக்கென்று தெரியும். மாற்றினால் சரியாகிவிடும்.

அதைப் பூட்டும் லாக் நட் தளர்ந்திருந்தால் குழாயைக் கையால் முறுக்கிப் பார்க்கும்போது திருகு இழையில் சுழலும். இறுக்குவதற்கு முன், ராடு எண்டின் இழை போதிய தூரம் உள்ளே போயிருக்கிறதா என்று பார்வைத் துளையில் மெல்லிய கம்பி விட்டுப் பாருங்கள். கம்பி தடையில்லாமல் கடந்துபோனால் இழை அந்தத் துளை வரை வந்துசேரவில்லை.

பெல்கிராங்கின் (அசைவின் திசையைத் திருப்பும் நெம்புகோலின்) அச்சைத் தாங்கும் உள்வளையம் தேய்ந்திருந்தால் அதன் அச்சைச் சுற்றிக் கிரீஸ் கருப்பாகியிருக்கும்.

மேலே எதுவும் இல்லை, ஆட்டம் குழாய்க்கும் உலோக எண்ட் ஃபிட்டிங்குக்கும் நடுவில் தெரிகிறதென்றால் சோதனை அங்கே முடிந்தது. பசைப் பிணைப்பு விட்டுவிட்டது. அதன் வழியே ரிவெட் போட்டோ, மேலே பசை ஊற்றியோ காப்பாற்றும் யோசனை வேண்டாம், ராடு முழுதாக மாற்றப்பட வேண்டும்.

ஆட்டம் எங்குமே இல்லை, ஆனால் ஸ்டிக்கில் ரப்பர்போல இழுவை தெரிகிறது என்றால் குழாய் பக்கவாட்டில் வளைகிறது, அல்லது பெல்கிராங்கைத் தாங்கும் பலகை வளைகிறது. பெரும்பாலும் இரண்டாவதுதான்.

ஃபிட்டிங்கைச் சுற்றித் தூள்

வெள்ளைத் தூள் என்றால் அலுமினியம் அரிக்கப்படுகிறது. கார்பனும் அலுமினியமும் நேரடியாகத் தொட்டு, நடுவில் ஈரம் புகுந்தால் மின்கலம்போல் ஆகி அலுமினியம் கரையும். இரண்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய கண்ணாடித் துணி அடுக்கு இல்லாமல் ஒட்டியதுதான் காரணம். வெளியே தெரியும் தூளைத் துடைத்துவிட்டுப் பறப்பது ஏமாற்று வேலை, உள்ளே பசைக்கு அடியிலும் அதே தூள்தான் இருக்கும். மாற்றாகச் செய்யும்போது கண்ணாடி அடுக்கு வையுங்கள், அல்லது ஃபிட்டிங்கை டைட்டானியத்திலோ துருப்பிடிக்காத எஃகிலோ செய்யுங்கள்.

கருஞ்சாம்பல் தூள் என்றால் மூட்டு நுண்ணியதாக அசைந்து தேய்கிறது. மூட்டின் குறுக்கே பெயின்டால் கோடு போட்டு வையுங்கள். கோடு உடைந்திருந்தால் ராடை இறக்க வேண்டும்.

புது மூட்டு ஏன் இப்படி விடுகிறது என்று பார்த்தால் பத்தில் எட்டு மேற்பரப்புத் தயாரிப்புக் குறைதான். செய்முறை சுருக்கமாக: இரு பரப்பையும் 120 முதல் 180 உப்புத்தாளால் மெருகு போகும் வரை தேய்க்கவும். கரைப்பானால் ஒரே திசையில், ஒவ்வொரு துடைப்புக்கும் புதுத் துணியால் துடைக்கவும். அலுமினியத்தின்மேல் தூய நீர் தெளித்தால் அது உடையாத படலமாகப் பரவ வேண்டும், முத்துமுத்தாகத் திரண்டால் எண்ணெய் மிச்சம். காயவைத்து ஒரு மணி நேரத்துக்குள் ஒட்டிவிட வேண்டும், இல்லையென்றால் அலுமினியத்தின்மேல் ஆக்சைடு மறுபடி வளரும். பசையின் தடிப்பு 0.1 முதல் 0.3 மி.மீ. இருக்கட்டும். ஃபிட்டிங்கை இறுக்கமாகச் செருகினால் பசை வழிந்துபோய் வறண்ட மூட்டுதான் மிஞ்சும். 0.2 மி.மீ. கண்ணாடி மணிகளைப் பசையில் கலந்தால் இடைவெளி தானாக நிற்கும். செருகும்போது சுழற்றிக்கொண்டே செருகுங்கள், உள்ளே அடைபடும் காற்று வெளியேற ஃபிட்டிங்கில் சிறு துளை வேண்டும். அது இல்லையென்றால் அடைபட்ட காற்று பசையைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும்.

சொந்த வடிவமைப்பானால், பறக்கப்போகும் ராடோடு சேர்த்து அதே நாளில், அதே கலவையில் ஒரு மாதிரியையும் ஒட்டுங்கள். மாதிரியை வரம்புச் சுமையின் (பயன்பாட்டில் எதிர்பார்க்கும் உச்சச் சுமையின்) 1.5 மடங்கு வரை ஏற்றி 3 விநாடி தாங்குகிறதா என்று பார்க்கவும். பறக்கும் ராடை வரம்புச் சுமை வரை மட்டும் ஏற்றவும், சுமையை எடுத்ததும் நீளம் பழைய அளவுக்கே திரும்ப வேண்டும். வரம்புச் சுமை எவ்வளவு என்பதைக் கணக்கிட வடிவமைப்புப் பொறியாளர் வேண்டும். குத்துமதிப்பாக ஆள் தொங்கிப் பார்ப்பதைச் சோதனை என்று சொல்ல முடியாது.

அடிபட்ட தடம், அல்லது தட்டினால் மந்தமான ஒலி

நாணயத்தின் விளிம்பால் குழாய் நெடுக 10 மி.மீ.க்கு ஒரு தட்டு. நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும், அடுக்கு பிரிந்த இடம் பொத்தென்று இருக்கும். ஃபிட்டிங் இருக்கும் பகுதியில் ஒலி இயல்பாகவே மாறும். எனவே இரு முனைகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாருங்கள், நடுப்பகுதியோடு ஒப்பிட்டால் தவறாகத் தோன்றும்.

பெயின்டில் சிறு கீறல்தான் என்றால் பெயின்டை மட்டும் மெல்லத் தேய்த்து, அடியில் இழை அறுந்திருக்கிறதா என்று உருப்பெருக்கியில் பாருங்கள். இழை முழுதாக இருந்தால் பூசிவிடலாம். ஸ்பானர் விழுந்தது, கதவு இடித்தது போன்ற அடியானால் வெளித்தடத்தை வைத்து எடைபோடாதீர்கள். கார்பன் உலோகம்போலப் பள்ளம் விழாது. வெளியே ஒரு புள்ளி, உள்ளே அதைப்போலப் பல மடங்கு பரப்பில் அடுக்குப் பிரிவு. குழாயின் உட்புறத்தைச் சிறு கேமராவால் பார்க்கலாம். ஒலி மந்தமாக இருந்தாலோ, உள்ளே இழை பிளந்து நின்றாலோ அல்ட்ராசவுண்ட் சோதனைக்கு அனுப்புங்கள். புஷ் ராடு என்றால் சோதனைச் செலவைவிடப் புது ராடு மலிவு, நேராகக் கழித்துவிடுவதே வழக்கம். தாங்குகோல், பூம் என்றால் சோதனை தேவைதான்.

பெயின்டில் முடி போன்ற வெடிப்பு நீளவாக்கில் போனால் பல நேரம் பெயின்டோடு நிற்கும். குழாயைச் சுற்றி வளையமாக ஓடும் வெடிப்பு வேறு விஷயம், அங்கே அடியில் இழை அறுந்திருக்க வாய்ப்பு உண்டு. பறக்க வேண்டாம்.

வெயிலில் நின்ற பிறகு மட்டும் கோளாறு

காலையில் சரியாக இருந்த கட்டுப்பாடு நண்பகலில் குழைகிறது, அல்லது பூமில் மெல்லிய தொய்வு. அறை வெப்பநிலையிலேயே இறுகவிட்ட எப்பாக்ஸி 50 முதல் 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கிவிடும். கருப்புப் பரப்பு வெயிலில் அதைச் சாதாரணமாகத் தாண்டும். கிளைடர்களில் பெரும்பாலானவை வெள்ளையாகவே இருப்பதற்கு இதுதான் காரணம். வெளியே தெரியும் கார்பன் குழாயைக் கருப்பாகவே பளபளக்க விட்டுவைக்கும் ஆசை பலருக்கு உண்டு. வெள்ளை பூசுவதுதான் முதல், மலிவான தீர்வு. அடுத்தது, குழாய் பொருத்துவதற்கு முன் பின்வேக்கல், அதாவது இறுகிய ரெசினை மறுபடி சூட்டில் வேகவைப்பது: மேண்ட்ரலிலோ நேரான தாங்கியிலோ வைத்து, மணிக்கு 10 டிகிரி வீதம் ஏற்றி, ரெசின் தாளில் சொன்ன வெப்பநிலையில் சொன்ன நேரம் வைக்க வேண்டும். ஒருமுறை வெயிலில் தொய்ந்து வடிவம் மாறிய பாகத்தைப் பின்வேக்கலால் திருப்ப முடியாது. மாறிய வடிவமே நிலைத்துவிடும்.

குழாய் கனக்கிறது, ஆட்டினால் களகளவென்கிறது

தண்ணீர். முனையை அடைக்கும் மூடி விட்டிருக்கிறது, அல்லது கீழ் முனையில் வடிகால் துளை இல்லை. உயரத்தில் உறைந்தால் விரிந்து சுவரைப் பிளக்கும். கட்டுப்பாட்டுப் பரப்புக்குள் இருக்கும் குழாயானால் அதன் எடைச் சமநிலையும் மாறியிருக்கும், அது ஃபிளட்டருக்கு (காற்றோட்டத்தில் பரப்பு கட்டுக்கடங்காமல் படபடப்பதற்கு) வழி. வடித்து உலர்த்துவது எளிது. ஆனால் பரப்பைத் திரும்ப எடைச் சமநிலை பார்க்காமல் பறக்கக்கூடாது, அந்த வேலை பொறியாளருடையது.

ரேடியோ சரியாகக் கேட்கவில்லை

ஆன்டெனாவைக் கார்பன் பூமுக்குள் நுழைத்திருக்கிறீர்களா? கார்பன் மின்சாரத்தைக் கடத்துவதால் அலைகளை மறைத்துவிடும், எந்த ஆன்டெனாவும் அதற்குள் வேலை செய்யாது. கேபிளையும் கனெக்டரையும் மாற்றிக்கொண்டே இருப்பதற்கு முன் ஆன்டெனாவை வெளியே எடுத்து வைத்துப் பேசிப் பாருங்கள். சரியானால் ஆன்டெனாவின் இடத்தை மாற்றுங்கள், அல்லது பூமின் அந்தப் பகுதியைக் கண்ணாடி இழையில் செய்யுங்கள்.